கட்டியவருக்குக் கட்டடத்தில் உரிமை வேண்டும்

கூலிக்குத் தவணை பேசாமல் தையல்காரரிடம் துணி கொடுத்துக் கோட்டு தைக்கச் சொன்னால், கூலி கைக்கு வரும்வரை அந்தக் கோட்டைத் தராமல் வைத்துக்கொள்ள அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வைரத்துக்குப் பட்டை தீட்டிய நகைத் தொழிலாளிக்கும் அதே உரிமை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. வைரமும் கோட்டும் அந்தப் பிரிவே தரும் எடுத்துக்காட்டுகள்.

அஸ்திவாரம் தோண்டி, பில்லர் எழுப்பி, தளம் போட்டு, பூச்சு வேலை முடித்துச் சாவியைக் கொடுக்கும் கட்டட ஒப்பந்ததாரருக்கு இந்த உரிமை கிடையாது. அந்தப் பிரிவு கையில் ஒப்படைக்கப்படும் அசையும் பொருளுக்கு மட்டுமே பொருந்தும்; வீடு அசையாச் சொத்து. சிமென்டும் கம்பியும் கொடுத்த கடைக்காரரின் நிலை இன்னும் மோசம். விலை வராத சரக்கைப் பிடித்து வைக்க 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அவரை அனுமதிக்கிறது. ஆனால், சரக்கு வாங்கியவர் கைக்குப் போனதும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. கான்கிரீட்டுக்குள் போன கம்பியை யார் திருப்பி எடுப்பது?

இவ்வளவுக்கும், நிலத்தின் மீது பாக்கிக்காக உரிமை கொடுப்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. மனையை விற்றவருக்குக் கிரயத் தொகையில் பாக்கி இருந்தால், அந்த மனையே அதற்குப் பொறுப்பு என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாங்குபவருக்கும் அதே பிரிவு பாதுகாப்புத் தருகிறது. வங்கிக்கு அடமானம் இருக்கிறது. சொத்து வரி பாக்கி என்றால் உள்ளாட்சி அமைப்பு சொத்தின் மீதே கை வைக்கலாம். மனையை விற்றவர், வாங்கக் கடன் கொடுத்தவர், வரி போட்டவர் என்று எல்லோருக்கும் அந்த நிலத்தில் ஓர் இடம் உண்டு. அதில் வீட்டை எழுப்பியவருக்கு மட்டும் இல்லை. இந்த அநீதியைச் சரிசெய்யத் தனிச் சட்டம் வேண்டும். அதைக் கொண்டுவரும் அதிகாரம் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு இருக்கிறது.

கடனில் எழும் கட்டடம்

கட்டுமானத் தொழில் முன்கூட்டி வரும் பணத்தில் நடப்பதில்லை, கடனில்தான் நடக்கிறது. வீட்டு உரிமையாளர் வங்கித் தவணை வந்த பிறகு ஒப்பந்ததாரருக்குத் தருவார். அவர் சென்ட்ரிங் மேஸ்திரிக்கு, கம்பி கட்டுபவருக்கு, எலெக்ட்ரீஷியனுக்கு, டைல்ஸ் ஒட்டுபவருக்குத் தருவார். அவர்கள் தங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி போட்டாக வேண்டும். ஹார்டுவேர் கடைக்காரர், செங்கல் சூளைக்காரர், எம்-சாண்ட் லாரிக்காரர் எல்லோரும் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கை இறக்குகிறார்கள். மேலே ஒருவர் பணத்தை நிறுத்தினால் கீழே அத்தனை பேருக்கும் நிற்கும்.

அந்தச் சரக்கு எப்படி இறங்குகிறது என்று பார்த்தால், பின்னால் வரும் வழக்கு எங்கே தோற்கிறது என்பதும் தெரியும். லாரி விடியற்காலையில் வருகிறது. ஒப்பந்ததாரர் அங்கே இல்லை. சலானில் வாட்ச்மேன் கையெழுத்துப் போடுகிறார், அல்லது சித்தாள் ஒருவர் கைநாட்டு வைக்கிறார். ‘மேற்கண்ட சரக்கு பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே முழுப் பெயர் இல்லை. எந்த மனைக்கு இறங்கியது என்ற விவரமும் இல்லை. எட்டு மாதம் கழித்துப் பாக்கி கேட்டால், ‘இந்தக் கையெழுத்து யாருடையது?’ என்ற கேள்வி வருகிறது. சரக்கு அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது; நிரூபிக்கக் காகிதம் இல்லை.

கோபத்தில் சிலர் கதவு, ஜன்னலைக் கழற்றுகிறார்கள். சிலர் வயரிங்கை அறுத்துவிடுகிறார்கள். சாவியைத் தர மறுக்கிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தாலும் அடுத்த நாள் காவல் நிலையத்தில் குற்றவாளியாக நிற்பவர்கள் அவர்கள்தான். கட்டுமான இடத்தில் ஒப்பந்ததாரர் இருப்பதை, வேலை செய்வதற்கு வழங்கப்பட்ட அனுமதியாகவே நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்க்கின்றன. இடத்தைப் பிடித்து வைத்துப் பணம் கேட்பது சட்டத்தின் கண்ணில் அத்துமீறல்.

இப்போது இருக்கும் வழிகள்

வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், ஒவ்வொரு வழியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது.

முதல் வழி உரிமையியல் வழக்கு. செய்த வேலைக்கும் விற்ற சரக்குக்கும் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுக் காலவரம்பு. கட்டுமான ஒப்பந்தத் தகராறில் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் வணிக நீதிமன்றத்துக்குப் போகலாம். அவசர நிவாரணம் கேட்காத வழக்கென்றால் அதற்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். இவை எல்லாம் முடிந்து தீர்ப்பு வரும்போது வீடு கைமாறியிருக்கலாம். வெறும் பணப் பாக்கிக்கான வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பது, அந்தச் சொத்தை விற்பதற்குத் தடை ஆகாது.

அப்படியானால் வழக்கு நடக்கும்போதே சொத்தை ஜப்தி செய்யச் சொல்லலாமே? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆவது கட்டளை, 5-ஆவது விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால், எதிராளி பணம் தராமல் தப்பிக்கும் நோக்கத்தில் சொத்தை விற்கவோ மறைக்கவோ போகிறார் என்று காட்ட வேண்டும். ராமன் டெக் நிறுவனத்துக்கும் சோலங்கி டிரேடர்ஸுக்கும் இடையிலான வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இந்த அதிகாரம் அசாதாரணமானது, ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றிக்கொள்ள இதைப் பயன்படுத்தக் கூடாது. இன்றைய சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி. கட்டியவரின் பாக்கியை ஈடில்லாத கடனாகவே விட்டுவைத்திருப்பதுதான் தவறு.

இரண்டாவது வழி, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம். காகிதத்தில் இது பலமான சட்டம். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குமேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வசதியாக்கல் மன்றத்தில் முறையிடலாம். 2017 முதல் இணையத்தின் வழியாகவே பதியலாம். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைப்பவர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் துணைக்கு வந்தது: சிறு நிறுவனங்களுக்குக் குறித்த காலத்தில் தராத தொகையை, உண்மையில் தரும்வரை செலவுக் கணக்கில் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியாது.

இத்தனை பலமும் கட்டுமானத் துறைக்கு வரும்போது இளைத்துவிடுகிறது. பொருளும் உழைப்பும் கலந்த ‘ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்’ இந்தச் சட்டத்துக்குள் வராது என்று மும்பை உயர் நீதிமன்றம் உட்படச் சில நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. வீடு கட்டும் ஒப்பந்தம் பெரும்பாலும் அந்த வகைதான். சிமென்டை உற்பத்தி செய்யாமல் வாங்கி விற்கும் கடைக்காரரோ வணிகர். வணிகர்கள் ‘உத்யம்’ என்ற குறு, சிறு தொழில் பதிவைச் செய்துகொள்ளலாம் என்று 2021 ஜூலையில் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால், முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும் என்று வரம்பு கட்டிவிட்டது. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவருக்கு இல்லை. ஒப்பந்ததாரரும் கடைக்காரரும்தான் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள். இருவருமே வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மூன்றாவது வழி 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம். பணம் தராத நிறுவனத்தின் மீது, சரக்கும் சேவையும் கொடுத்தவர்கள் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதலில் 1 லட்சம் ரூபாய் பாக்கி இருந்தாலே போகலாம் என்றிருந்தது. 2020 மார்ச்சில் அந்த வரம்பு 1 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெயிண்டரும் பிளம்பரும் அந்தக் கணக்குக்குள் எப்படி வருவார்கள்? வந்தாலும், நிறுவனத்தைக் கலைத்துப் பணத்தைப் பிரிக்கும் வரிசையில் ஈடு பெற்ற வங்கிகள், தொழிலாளர் ஊதியம், ஈடில்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள், அரசின் பாக்கி எல்லாம் முன்னால் நிற்கும். சரக்கு கொடுத்தவர் அதற்குப் பின்னால். 2018-இல் வீடு வாங்குவோரை நிதிக் கடன் கொடுத்தவர்களாக நாடாளுமன்றம் அங்கீகரித்தது. அது தேவையான, நல்ல திருத்தம். அந்த வீடுகளுக்குச் செங்கல் கொடுத்தவரைப் பற்றி அன்று யாரும் நினைக்கவில்லை.

பெயிண்டுக் கடையும் கோல்ஃப் விடுதியும்

வேறு நாட்டில் இதே பாக்கி எப்படி வசூலாகிறது என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு போதும். மயாமி அருகே உள்ள ‘டிரம்ப் நேஷனல் டோரல்’ என்ற கோல்ஃப் விடுதியைப் புதுப்பித்தார்கள். அதில் பெயிண்டிங் வேலை எடுத்த துணை ஒப்பந்ததாரருக்கு ஓர் உள்ளூர் கடை பெயிண்ட் கொடுத்தது. சுமார் 32,500 டாலர் பாக்கி நின்றது. கடைக்கும் விடுதி உரிமையாளருக்கும் நேரடி ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இடையில் இரண்டு அடுக்கு ஒப்பந்ததாரர்கள். நம் ஊராக இருந்தால் அந்தக் கடைக்காரர், பெயிண்ட் வாங்கியவரை மட்டுமே துரத்திக்கொண்டிருந்திருப்பார்.

புளோரிடா சட்டப்படி அந்தக் கடை, பாக்கிக்குச் சொத்தையே பொறுப்பாக்கும் பற்றுரிமையை விடுதியின் மீதே பதிவு செய்தது. உரிமையாளர் தரப்பு விடவில்லை. முன்னறிவிப்பில் முதன்மை ஒப்பந்ததாரரின் பெயர் தவறாக இருக்கிறது, ஆகவே உரிமை செல்லாது என்று வாதாடியது. 2016-இல் விசாரணை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் தராவிட்டால் சொத்தை ஏலம் விடலாம் என்று தீர்ப்பளித்தது. கடையின் வழக்கறிஞர் செலவுக்காகவும் கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர் தர உத்தரவானது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கடை பக்கமே நின்றது. சட்டத்தின் நோக்கம் நிறைவேறியிருக்கும்போது இந்தப் பிழை உரிமையைப் பறிக்காது என்றது. அப்போது விடுதி உரிமையாளர் அமெரிக்காவின் அதிபராகவே ஆகிவிட்டிருந்தார்.

ஒரு பெயிண்டுக் கடைக்கு அவ்வளவு பெரிய எதிராளியிடம் மல்லுக்கட்டத் தெம்பு எங்கிருந்து வந்தது? பணமோ செல்வாக்கோ தரவில்லை. ‘மெக்கானிக்ஸ் லீன்’ என்று அங்கே வழங்கும் பற்றுரிமைச் சட்டம் தந்தது.

அந்தச் சட்டத்துக்கு வயது 230-க்கும் மேல். அமெரிக்கா விடுதலை பெற்றுப் புதுத் தலைநகராக வாஷிங்டனைக் கட்டத் திட்டமிட்ட காலம். தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும் தலைநகர ஆணையர்களோடு பேசிய விஷயங்களில், கட்டுபவர்களுக்கு அவர்கள் எழுப்பும் வீட்டின் மீதே உரிமை தருவதும் ஒன்று. காலி நிலத்தில் நகரம் எழ வேண்டும். உழைப்பையும் சரக்கையும் நம்பி இறக்க ஆட்கள் வேண்டும். அந்த நம்பிக்கையை உண்டாக்க 1791 டிசம்பரில் மேரிலாந்து சட்டமன்றம் சட்டம் செய்தது. பின்னர் எல்லா மாநிலங்களும் தங்களுக்கென்று இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தன. கலிபோர்னியாவும் டெக்சாஸும் ஒரு படி மேலே போய், இந்த உரிமையைத் தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

இது அமெரிக்க வழக்கம் மட்டுமல்ல. ஜெர்மனியின் உரிமையியல் சட்டத் தொகுப்பு, வேலை கொடுத்தவரின் நிலத்தின் மீது அடமானம் கேட்கும் உரிமையைக் கட்டுபவருக்குத் தருகிறது. சுவிட்சர்லாந்தில் துணை ஒப்பந்ததாரரும், வேலை முடிந்த நான்கு மாதத்துக்குள் நிலப் பதிவேட்டில் தன் உரிமையைப் பதிந்துகொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கான முதல் சட்டம் 1873-இலேயே வந்துவிட்டது.

கடிவாளமும் உண்டு

இப்படி ஓர் உரிமையைக் கொடுத்தால் வீடு கட்டும் சாமானியர் மாட்டிக்கொள்வாரே என்ற கேள்வி நியாயமானது. ஒப்பந்ததாரருக்கு முழுப் பணத்தையும் கொடுத்து முடித்தவர் வீட்டு வாசலில், ‘எனக்கு டைல்ஸ் பாக்கி வரவில்லை’ என்று கடைக்காரர் வந்து நின்றால் அவர் இரண்டாம் முறை தர வேண்டுமா? பொய்க் கணக்கு எழுதி ஒருவர் வீட்டை முடக்கினால்? இந்தக் கேள்விகளுக்கு அந்த நாடுகள் பதில் கண்டிருக்கின்றன. பற்றுரிமைச் சட்டத்தில் பாதி உரிமை என்றால் மீதிப் பாதி கடிவாளம்.

முதல் கடிவாளம் முன்னறிவிப்பு. உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாதவர், தான் சரக்கு இறக்குவதை அவருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கலிபோர்னியாவில் சரக்கு இறக்கத் தொடங்கிய 20 நாளுக்குள். புளோரிடாவில் 45 நாளுக்குள். யாருக்கெல்லாம் பணம் போக வேண்டும் என்பது உரிமையாளருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு தவணை தரும்போதும் அவர்களிடம் ‘இதுவரை பாக்கி இல்லை’ என்ற விலகல் கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது காலக்கெடு. புளோரிடாவில் கடைசிச் சரக்கு இறங்கிய 90 நாளுக்குள் உரிமையைப் பதிய வேண்டும். ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கலிபோர்னியாவில் பதிந்த 90 நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும். அவசரமாக வீட்டை விற்க வேண்டிய உரிமையாளர், கேட்கும் தொகையில் 125 சதவீதத்துக்குப் பிணைப் பத்திரம் கொடுத்துச் சொத்தை விடுவித்துக்கொள்ளலாம். தகராறு பத்திரத்தின் மீது தொடரும். வேண்டுமென்றே தொகையை ஊதிப் பெரிதாக்கியவரின் உரிமையை நியூயார்க் சட்டம் அடியோடு ரத்து செய்கிறது. நஷ்டஈடும் கட்ட வைக்கிறது.

ஒன்டாரியோவின் முறை எளிமையானது, நமக்கும் பொருத்தமானது. உரிமையாளர் ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதத்தைப் பிடித்து வைக்கிறார். பற்றுரிமை பதியும் காலம் கழிந்த பிறகே அதை விடுவிக்கிறார். கீழே யாருக்காவது பாக்கி நின்றால் அந்தத் தொகையிலிருந்து தரலாம். சட்டப்படி பிடித்து வைத்த உரிமையாளர், தன்னோடு நேரடி ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு இரண்டு முறை முழுப் பணம் தர வேண்டிய நிலை வராது. நம் ஊரிலும் ‘ரிட்டென்ஷன்’ என்று 5, 10 சதவீதம் பிடிப்பது பழக்கத்தில் இருக்கிறது. ஆனால், அது உரிமையாளருக்கு வேலைத் தரம் பற்றிய பாதுகாப்பாக மட்டுமே இருக்கிறது. கீழே இருப்பவர்களுக்குப் பயன்படுவதில்லை.

அரசு வேலைகளுக்கு இந்த உரிமை பொருந்தாது. அரசுப் பள்ளியையும் பாலத்தையும் பாக்கிக்காக ஏலம் விட முடியாது, விடவும் கூடாது. அதற்கு அமெரிக்கா கண்ட மாற்று 1935-ஆம் ஆண்டின் மில்லர் சட்டம். மத்திய அரசின் பெரிய கட்டுமானங்களை எடுக்கும் ஒப்பந்ததாரர், வேலையை முடிப்பதற்கு ஒரு பிணையும், துணை ஒப்பந்ததாரர்களுக்கும் சரக்கு கொடுத்தவர்களுக்கும் பணம் தருவதற்கு இன்னொரு பிணையும் தர வேண்டும். நம் அரசுத் துறைகள் முதல் பிணையை வங்கி உத்தரவாதமாகத் தவறாமல் வாங்கிக்கொள்கின்றன. அரசுக்கு நஷ்டம் வராமல் காக்கும் அந்த அக்கறை, ஜல்லி இறக்கியவர் வரை நீளவில்லை.

சொத்தின் மீது கை வைக்காமல், விரைவான தீர்ப்பின் மூலம் பணத்தை வாங்கித் தரும் பாதையும் இருக்கிறது. பிரிட்டன் 1996-இலும் சிங்கப்பூர் 2004-இலும் மலேசியா 2012-இலும் அப்படிச் சட்டம் செய்தன. கட்டுமானத் துறை தெரிந்த நடுவர், நீதிமன்றம் போல் ஆண்டுக்கணக்கில் இழுக்காமல், வாரக் கணக்கில் முடிவு சொல்கிறார். முதலில் பணத்தைக் கொடு, பிறகு வாதாடு என்பதே அதன் சாரம். தமிழ்த் தொழிலாளர்களும் ஒப்பந்ததாரர்களும் நிறைந்த சிங்கப்பூர், மலேசியக் கட்டுமானத் துறையில் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால், இது மட்டும் போதாது என்பதை 2018 ஜனவரியில் பிரிட்டனின் கரிலியன் நிறுவனம் கவிழ்ந்தபோது உலகம் பார்த்தது. சுமார் 30,000 சப்ளையர்களுக்கும் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் ஏறத்தாழ 200 கோடி பவுண்டு பாக்கி. தர வேண்டியவரே திவாலாகிவிட்டால், விரைவான தீர்ப்பு கையில் இருந்து என்ன பயன்? தீர்ப்போடு சொத்தோ பிணையோ ஒன்று பின்னால் நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டால் முடியும்

விவசாய நிலம் தவிர்த்த சொத்து மாற்றம், பத்திரப் பதிவு, ஒப்பந்தம், உரிமையியல் நடைமுறை ஆகிய எல்லாமே அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடம் இருந்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டம் செல்லும். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு தனக்கென்று பல திருத்தங்களைச் செய்திருக்கிறது. கட்டமைப்பும் தயாராக இருக்கிறது. வீடு வாங்கும் எவரும் முதலில் பார்ப்பது வில்லங்கச் சான்று; அதைப் பதிவுத் துறை இணையதளத்தில் இன்று கட்டணமில்லாமல் பார்க்கலாம். கட்டியவரின் பாக்கி அந்தச் சான்றில் ஒரு வரியாக ஏறினாலே போதும். வீட்டை விற்பதற்கும் மறு அடமானம் வைப்பதற்கும் முன் உரிமையாளர் கூப்பிட்டுப் பேசித் தீர்ப்பார். பெரும்பாலான தகராறுகள் நீதிமன்றப் படி ஏறாமலே முடியும்.

சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், சரக்கு கொடுத்தவர் மூவருக்கும் உரிமை. சரக்கு இறங்கிய 30 நாளுக்குள் உரிமையாளருக்கு எளிய தமிழ்ப் படிவத்தில் முன்னறிவிப்பு. வேலை முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் குறைந்த கட்டணத்தில் பதிவு. அதற்குப் பின் ஆறு மாதத்துக்குள் வழக்கு, இல்லையேல் தானாகவே ரத்து. உரிமையாளர் 10 சதவீதம் பிடித்து வைப்பது கட்டாயம். தான் குடியிருக்க வீடு கட்டுபவரின் பொறுப்பு அந்தத் தொகையோடு முடிந்துவிட வேண்டும். பிணை கட்டிச் சொத்தை விடுவிக்க வழி. பொய்க் கணக்குக்குக் கடும் அபராதம். வங்கியின் முன் அடமானத்துக்கு முதலிடம் இருக்கட்டும். கட்டடத்தால் கூடிய மதிப்பில் கட்டியவருக்கு அடுத்த இடம் கிடைத்தால் போதும். அரசு வேலைகளில் பணப் பிணை கட்டாயம்.

அடுக்குமாடித் திட்டங்களில் கூடுதல் கவனம் தேவை. பில்டர் வைத்த பாக்கிக்காக, முழுப் பணம் கட்டிப் பத்திரம் வாங்கிய குடும்பத்தின் வீட்டின் மீது உரிமை விழக் கூடாது. விற்காத வீடுகள் மீதும், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி வாங்குவோர் பணத்தில் 70 சதவீதத்தைப் போட்டு வைக்கும் தனிக் கணக்கின் மீதும் அது நிற்க வேண்டும். அந்தப் பணம் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. கட்டுமானத்துக்கான பணம் கட்டியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதுதான் பாக்கி.

கூலித் தொழிலாளர் விஷயத்தில் இந்தக் கொள்கையை இந்தியா எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. மேலே இருப்பவர் பயன் அடைந்தால் கீழே இருப்பவரின் பாக்கிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற அந்த நியாயம், சொந்தப் பணத்தைப் போட்டு வேலை எடுக்கும் மேஸ்திரிக்கும் கடைக்காரருக்கும் ஏன் பொருந்தாது?

சட்டம் வரும்வரை கையில் இருப்பதை வைத்துத் தற்காத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சில் வேலை எடுக்காதீர்கள். தொகை, தவணை, தாமத வட்டி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சலானில் மனை எண், முழுப் பெயர், தேதி, உரிமையாளர் அல்லது ஒப்பந்ததாரர் கையெழுத்து இல்லாமல் லாரியைக் காலி செய்யாதீர்கள். சரக்கு இறங்கும் படத்தை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தம் போடும் முன்பே உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். பெரிய தொகை என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி அந்தச் சொத்தின் மீதே பொறுப்பு உண்டாக்கும் பத்திரம் எழுதிப் பதியக் கேளுங்கள். பதிந்துவிட்டால் பின்னால் வாங்குபவரையும் அது கட்டும். வாங்கிய காசோலை திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அதற்குப் பின் எதிராளிக்கு 15 நாள் அவகாசம், அது கழிந்து ஒரு மாதத்துக்குள் புகார். ‘அண்ணே, அடுத்த வாரம் தர்றேன்’ என்ற வார்த்தையை நம்பி இந்த நாள்களை விட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டு ஆவதற்குள், குறைந்தது பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதமாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், இந்த எச்சரிக்கைகளையெல்லாம் ஒரு செங்கல் லாரிக்காரரின் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. பெரிய நிறுவனத்திடம் பத்திரம் எழுதிக் கேட்கும் பலம் சிறிய ஒப்பந்ததாரருக்கு இல்லை. கேட்டால் வேலை அடுத்தவருக்குப் போகும். பேரம் பேச முடியாதவர்களுக்காகத்தான் சட்டம். கட்டுமானப் பொறியாளர் சங்கங்களும் ஹார்டுவேர் வணிகர் சங்கங்களும் சேர்ந்து வரைவு ஒன்றைத் தயாரித்துப் பதிவுத் துறை அமைச்சரிடம் கொடுக்க வேண்டும். வீடு வாங்குவோர் அமைப்புகளையும் வங்கிகளையும் அழைத்துப் பேசி, வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டு, தமிழ்நாடு அரசு அதைச் சட்டமன்றத்தில் மசோதாவாகத் தாக்கல் செய்ய வேண்டும்.